கூரைப் படகு

போயா (பௌர்ணமி) விடுமுறை, இரவு

மகியங்கனை ஏரியில் இன்று இரண்டு மிதவைப் படகுகள் நின்றன. ஒன்றில் கூரையும் மெத்தை இருக்கையும் இருந்தன. ஏறுவதற்கு மூன்று படிகள். மற்றது கூரையில்லாத பழைய படகு, கரைப் பலகைக்குச் சமமாக மிதந்தது.

"அதுல போவமே" என்று அம்மா பழையதைக் காட்டினாள். இவளுக்கு எப்போதும் பழசுதான் என்று சிரித்துவிட்டு, பிள்ளைகளைக் கூரைப் படகில் ஏற்றினேன்.

"நீங்க போயிட்டு வாங்க. சோத்துப் பார்சலுக்கு ஆள் வேணும், கொரங்கு வந்துரும்" என்று அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீடு திரும்பியதும் தோட்டத்து லயத்து வீட்டு வாசலின் இரண்டு படிகளை, சுவரைப் பிடித்துப் பக்கவாட்டாக ஏறினாள். முப்பது வருஷம் மலையேறித் தேயிலைக் கொழுந்து எடுத்த கால்கள்.

இப்போது யோசிக்கிறேன். அந்தக் கரையில் ஒரு குரங்குகூட இல்லை.