தக்காளி லாரியும் உன் வீட்டுச் சாமானும்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அண்ணி எழுதுவது. நீயும் குட்டிப் பயலும் அங்கே சுகம், முன்னால் போன மாப்பிள்ளையும் புது ஊரில் சுகம் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், என் கால் மட்டும் ஓரிடத்தில் தரிக்க மாட்டேன் என்கிறது. ரயில்காரர்கள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்த ஒரு வருஷம் இருந்தது. ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் கீழே இறங்கியது அந்த வருஷம்தான். சினிமாக் கொட்டகைக் கூரையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட மைதானத்தில் போட்டதும், மறுநாள் பிள்ளைகள் அதற்குக் கீழே நிழலில் உட்கார்ந்து பாடம் படித்ததும் அதே வருஷம். வருஷத்துக்கு என்ன நம்பர் என்று எனக்குத் தெரியாது, நான் படிக்காதவன், நீ பிறந்த வருஷம் என்று மட்டும் தெரியும். அந்த வருஷத்துக் கதை ஒன்றை உனக்கு இப்போது சொல்லியாக வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் நீ "சரிப்பா, நான் பாத்துக்கறேம்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். உன் லாரி கிளம்புவதற்கு முன்னால் இது உன் கையில் கிடைத்துவிடும் என்று கூரியர்க்காரன் சத்தியம் பண்ணியிருக்கிறான்.

நீ வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றி, ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்று பயலையும் மடியில் வைத்துக்கொண்டு அதே லாரியில் முன்னால் உட்கார்ந்து போகப் போவதாக அண்ணியிடம் சொன்னாயாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, எழுந்து போய் மூடுகிறேன், மறுபடி சொட்டுகிறது. உன் அண்ணன் "இன்னொரு தடவ எந்திரிச்சா நாற்காலியோட சேர்த்துக் கட்டிடுவேன்" என்கிறான். அவனுக்கு மூட்டுவலி, தான் நடக்க முடியவில்லை என்பதால் நான் நடப்பதைப் பார்த்துப் பொறாமை. நேற்று லாரி ஸ்டாண்டுக்கே போய்விட்டேன். பழைய இடம்தான், ஆள் எல்லாம் புதுசு. உன் ஊரிலிருந்து வந்த ஒரு டிரைவரைப் பிடித்து ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பெரியவரே, ரோடு நல்லாத்தான் இருக்கு, நாங்கதான் சரியில்ல" என்று சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு, நான் அவன் வண்டியின் டயரையெல்லாம் குனிந்து பார்த்துவிட்டு வந்தேன்.

நீ பிடித்திருக்கும் வண்டி லோடு இறக்கிவிட்டுத் தன் ஊருக்குத் திரும்புகிற வண்டி, அதனால்தான் உனக்குச் சல்லிசாகக் கிடைத்தது. லாரி புக்கிங் ஆபீஸில் வண்டி பிடித்துக் கொடுத்தே என் ஆயுசில் பாதியைக் கழித்தவன் சொல்கிறேன், வண்டியில் என்ன லோடோ அதுதான் டிரைவரின் புத்தி. சிமெண்ட் ஏற்றியவன் மழையைப் பார்த்தால் நடுங்குவான், பஞ்சு ஏற்றியவன் பீடியைப் பார்த்தால் நடுங்குவான், கண்ணாடி ஏற்றியவன் பள்ளத்தைக் கண்டால் மாமியாரைக் கண்டதுபோல ஒதுங்கிப் போவான். வீட்டுச் சாமான் ஏற்றியவனுக்கு அந்தப் பயம் எதுவும் கிடையாது. திரும்புகிற வண்டி என்றால் அவன் மனசு ஏற்கெனவே அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். அந்த வண்டியில் நீயும் பிள்ளையும் என்றால் நான் எப்படி உட்காருவேன், நீயே சொல்.

இப்போது அந்த வருஷம். உன் வயிற்றில் ஒரு தழும்பு இருக்கிறதே, பூனை பிறாண்டியது என்று உன் அம்மா சொல்லிவைத்திருந்தாள். பூனையும் இல்லை, நாயும் இல்லை. நீ கைக்குழந்தை, குடித்த பாலையெல்லாம் பீய்ச்சி அடித்தாய், நாளுக்கு நாள் சுருங்கிப்போய்க் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. குடல் வாயில் அடைப்பு, கத்தி வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஊர் ஆஸ்பத்திரியில்தான் முடியும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரயில் இல்லை. பாலம் இறங்கியதால் பஸ் எல்லாம் ஆற்றங்கரையோடு நின்றுவிட்டது. லாரிகள் மட்டும் மலை வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. ஊருக்கெல்லாம் வண்டி பிடித்துக் கொடுக்கிற நான் என் பிள்ளைக்கு வண்டி தேடி என் ஆபீஸ் வாசலில் நின்றேன்.

அன்றைக்கு அந்த ஊருக்குப் போக இரண்டு வண்டி தயாராக நின்றது. ஒன்றில் ஜன்னல் கண்ணாடி, அதை ஓட்டுகிறவன் நிதானம், அவனுக்கு நாங்கள் வைத்த பேர் மாமனார். இன்னொன்றில் தக்காளி, ஓட்டுகிறவன் பேர் புயல். தக்காளி என்றால் விடிவதற்குள் மார்க்கெட்டில் இறங்க வேண்டும், அவன் தன் சொந்தக் கல்யாணத்துக்கே தக்காளி இறக்கிவிட்டு வந்தவன். கண்ணாடி வண்டி குலுங்காது, ஆனால் போய்ச் சேர மறுநாள் பொழுது சாய்ந்துவிடும். தக்காளி வண்டி சேர்ந்துவிடும், ஆனால் அந்த மலை வளைவில் அவன் ஓட்டுகிற வேகம் எனக்குத் தெரியும். எதில் ஏற்றுவது என்று தெரியாமல் நான் இரண்டு வண்டிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். உன் அம்மா என்னைக் கேட்கவே இல்லை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு வண்டியையும் சுற்றி வந்தாள். பிள்ளை அழுதால் நிறுத்துவீர்களா என்று இரண்டு பேரையும் கேட்டாள். மாமனார், "எத்தன தடவ வேணா நிறுத்துறேம்மா" என்றான். புயல் தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, பொய் சொல்ல மாட்டேன், தக்காளி நிக்க விடாது" என்றான். "நிக்காத வண்டிதான் எனக்கு வேணும்" என்று சொல்லி அவள் தக்காளி வண்டியில் ஏறிவிட்டாள். புயலின் மச்சான்தான் கிளீனர், அவனைவிட வயதில் மூத்த ஆள், தலைத் துண்டை உருவி உனக்குத் தொட்டில்போல விரித்தார். நானும் தொற்றி ஏறப் போனேன். "இடம் இல்ல, நீங்க இங்கருந்தே கவலப்படுங்க" என்று உன் அம்மா கதவைச் சாத்தினாள். அந்த நேரத்திலும் அவள் வாய் அடங்கவில்லை.

அப்போது வண்டி எங்கே இருக்கிறது என்று காட்ட ஒன்றும் கிடையாது. எதிரே வருகிற டிரைவரிடம் எந்த வண்டியை எங்கே பார்த்தாய் என்று கேட்பதுதான் வழி. விடிந்ததிலிருந்து ரோட்டிலேயே நின்றேன். வெங்காயம் ஏற்றி வந்தவன், பார்க்கவில்லை என்றான். அட்டைப்பெட்டிக்காரன், மலையில் ராத்திரி நல்ல மழை என்றான். மூன்றாவதாக வந்தவன் முகத்தைக் கழுவிக்கொண்டே, "வண்டியப் பாக்கலண்ணே, ஆனா மேல் வளைவுல ரோடு பூரா தக்காளி, சரிவுல கூடை கூடையா கெடக்குது" என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், அவனுக்கு என்ன தெரியும். எனக்கு அந்தச் சிவப்பு கண்ணுக்குள் வந்து நின்றது. மலைக்குப் போக ஒரு வண்டி பிடிக்க ஓடினேன். ஆபீஸைத் தாண்டும்போது உள்ளே டெலிபோன் அடித்தது. அந்த ஊர் மார்க்கெட் மண்டிக்காரர், எடுத்தவுடனே கத்தல்: "என்னய்யா அக்கிரமம் இது, ஒத்தக் கூடை இல்லாம உன் வண்டி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குது, கேட்டா உன் டிரைவர் என்னையே சத்தம் போடாதங்கிறான்!" அவர் திட்டத் திட்ட நான் "நல்லா திட்டுங்க, இன்னும் திட்டுங்க" என்று அழுதேன். அவருக்கு எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தோன்றியிருக்கும். பிறகு மறுபடியும் சண்டை போட ஆஸ்பத்திரிக்குப் போன மனுஷன், உன்னை உள்ளே தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, "தக்காளி நாளைக்கும் பழுக்கும்" என்று சொல்லி உன் அம்மா படுக்க ஒரு பாய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

நடந்தது இதுதான். மேல் வளைவில் சேற்றில் சக்கரம் இறங்கிவிட்டது, பாரத்தோடு வண்டி ஏறவில்லை. புயலே இறங்கிக் கயிற்றை அவிழ்த்தான். மச்சான், "மாப்ள, லோடுக்கு யாரு பதில் சொல்றது" என்று தயங்கினார். "இப்போ லோடு அந்தப் புள்ளதான் மச்சான், தள்ளுங்க" என்றான் புயல். உன்னைச் சீட்டில் கிடத்திவிட்டு உன் அம்மாவும் மழையில் நின்று கூடை தள்ளியிருக்கிறாள். லேசானதும் வண்டி ஏறியது. அதற்குப் பிறகு அவன் ஒரு பள்ளத்தில்கூட வண்டியை விடவில்லை என்று அவள் சொல்வாள், கண்ணாடி ஏற்றியவன்போல ஓட்டினானாம்.

அண்ணி எழுதுவதை நிறுத்திவிட்டு, "மாமா, இதப் படிச்சா அவ பயந்துட மாட்டாளா" என்கிறாள். பயப்படட்டும் என்றுதான் சொல்கிறேன். ரயிலில் இடம் கிடைக்கிற வரை காத்திரு, லாரி சாமானை மட்டும் கொண்டுபோகட்டும், அதுதான் என் ஆசை. போகாதே என்றால் நீ கேட்க மாட்டாய், உன் அம்மா வயிற்றில் பிறந்தவள். அப்படிப் போவதானால் ஏறுவதற்கு முன்னால் கடைசியாக என்ன இறக்கினான் என்று டிரைவரைக் கேள், மிளகாய் என்றால் கூட்டிப் பெருக்கச் சொல், இல்லாவிட்டால் மெத்தையில் படுக்கும்போதெல்லாம் வீடே தும்மும். பிரிட்ஜை நிற்கவைத்துக் கட்டு, கண்ணாடியை மெத்தைகளுக்கு நடுவே சொருகு, கேஸ் சிலிண்டரை ஏற்றவே ஏற்றாதே. தூங்கினானா என்று அவன் கண்ணைப் பார், வாயைக் கேட்காதே. பிள்ளையை அவன் கையில் ஒரு நிமிஷம் கொடுத்து வாங்கு. வண்டியில் என்ன லோடு என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் சாமானை இறக்குவதற்கு முன்னால் அண்ணிக்குப் போன் பண்ணு, மறந்துவிடாதே. அதுவரை நான் குழாயை மூடிக்கொண்டிருப்பேன். நீயும் உன் பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. புயல் ஸ்டியரிங்கை விட்ட மறு வருஷமே, வீட்டில் சும்மா உட்காரத் தெரியாமல், போய்விட்டான். மச்சான் அவனுக்கு முன்பே போய்விட்டார். உன் அம்மா போன வருஷம் போனாள். அந்தத் தக்காளி லாரியில் ஏறிப் போனவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான் அம்மா.

இப்படிக்கு,
கதவுக்கு வெளியே நின்ற உன் அப்பா
(கைநாட்டு)