மஞ்சள் கோடு போட்ட நட்டு

19.11.2001, திங்கள்

இன்றும் கார் நின்றுவிட்டது. இருங்காட்டுக்கோட்டை திருப்பத்தில், பெங்களூர் ரோட்டின் நடுவில். பின்னால் லாரி ஹார்ன் அடிக்க அடிக்க மடியில் சுகி அலறுகிறாள். இவர் இறங்கி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே தள்ளினார். டாக்டரிடமிருந்து திரும்பும்போது நடந்ததால் பிழைத்தோம். போகும்போது நடந்திருந்தால்?

சுகப்பிரியாவுக்கு இரண்டரை வயது. வீசிங் வந்தால் உடனே பூந்தமல்லிக்குக் கொண்டுபோய் மருந்து ஆவி கொடுக்க வேண்டும். இங்கே பென்னலூரில் அவசரத்துக்கு ஆட்டோ கிடைக்காது. அதற்காகத்தான் குன்றத்தூர் அண்ணன் தன் பழைய பியட்டை எங்களுக்குக் கொடுத்தான். அதற்காகத்தான் நானும் பயந்து பயந்து ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கினேன். டிசம்பர் மூன்றாம் தேதியிலிருந்து இவருக்கு ஒரு மாசம் செகண்ட் ஷிப்ட். மதியம் போனால் நடுராத்திரி தாண்டித்தான் வருவார். அதுவரை நானும் குழந்தையும் இந்த வண்டியும்தான்.

மெக்கானிக் நடேசன் பானெட்டைத் திறந்து பார்த்தார். கார்புரேட்டர் தேய்ந்துவிட்டதாம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற பாகம். "மாத்திடு பா. ரிப்பேர் பண்ணா நாலு நாள் தாங்கும். அஞ்சாம் நாள் மறுபடியும் தள்ளிக்கினு வருவே."

தானே மாட்டிக்கொள்வதாக இவர் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு. "கார் கம்பெனில நீ சக்கரத்தாண்டதானே வேலை செய்றே? இது சொகுசுப் பார்ட்டி பா. தொட்டா கோச்சிக்கும்."

22.11

ராத்திரி பூரா சுகியின் நெஞ்சில் காதை வைத்துப் படுத்திருந்தேன். ஒன்றுமில்லை, வெறும் சளி. ஆனாலும் தூங்கவில்லை.

25.11, ஞாயிறு

புதுப்பேட்டையிலிருந்து கார்புரேட்டர் வந்துவிட்டது. இவர் வேலை செய்வதை இன்றுதான் முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். ஃபேக்டரிக்குள் என்ன செய்கிறார் என்று நான் எங்கே பார்த்தேன்!

கழற்றின ஒவ்வொன்றையும் கழற்றின வரிசையிலேயே பழைய பேப்பர் மேல் வைத்தார். பெட்ரோல் ட்யூபின் வாயைத் துணியால் அடைத்தார், தூசி போகக்கூடாதாம். ஸ்டார்ட் பண்ண இழுக்கிற சோக் கேபிள் எதுவரை வந்திருந்தது என்று பேனாவால் குறித்துக்கொண்டார். கையில் அவசரமே இல்லை. நான் வெங்காயம் நறுக்குவதில்கூட இதைவிடப் பதற்றம் இருக்கும்.

புதியதை உட்கார வைத்ததும், கடைசியாக அதன் அடியில் இருக்கிற நட்டுகள். கையில் நரம்பு புடைக்க இறுக்கினார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பெயின்ட் பேனாவை எடுத்து ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு கோடு. கம்பெனி அசெம்பிளி லைனில் அப்படித்தானாம்.

"கோடு போட்டாச்சுன்னா அந்த நட்டு முடிஞ்சுது கனகு. அதுக்கு மேல ஒருத்தனும் அதத் தொடமாட்டான்."

ஸ்டார்ட் ஆனது! சுகி கை தட்டினாள். ஆனால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் உறுமல் ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது — நின்றுவிட்டது.

27.11

ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தவர் சோறுகூடச் சாப்பிடாமல் ட்யூனிங்கில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு திருகாணி. ஒன்று, நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்துக்கு. மற்றது காற்றும் பெட்ரோலும் கலக்கிற அளவுக்கு. கால் சுற்று திருப்புவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், மறுபடி கால் சுற்று. காலேஜ் லேபில் டைட்ரேஷன் செய்யும்போது ப்யூரெட்டைச் சொட்டுச் சொட்டாகத் திறப்போமே, அதேதான். நான் எப்போதும் ஒரு சொட்டு அதிகம் விட்டுக் கெடுத்துவிடுவேன். இவர் கெமிஸ்ட்ரி படித்திருந்தால் கோல்டு மெடல்தான்.

அப்படியும் நிற்கிறது. இன்னும் ஆறு நாள்.

28.11

சண்டை.

இன்ஜின் ஓடும்போது எனக்கு ஒரு சத்தம் கேட்கிறது. சன்னமாக, விசில் மாதிரி, கார்புரேட்டருக்கு அடியிலிருந்து. இவருக்குக் கேட்கவில்லையாம்.

"அடியில எங்கயோ காத்து போகுதுங்க."

"அங்கல்லாம் மார்க் போட்டாச்சுட்டி."

"மார்க் போட்டா காத்து பயந்துடுமா?"

"மூணு வருசமா நட்டு முடுக்குதேன். என் மார்க்கு மேல ஒரு கம்ப்ளைன்ட் வந்ததில்ல. லைசென்சு எடுத்து ரெண்டு மாசம் ஆகல, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா!"

ஏன் அப்படிக் குத்திப் பேசினேன்? பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து எங்களுக்காகத்தானே மண்ணில் கிடக்கிறார். ஒருவேளை விசிலே இல்லையோ, எனக்குத்தான் எதைக் கேட்டாலும் அப்படித் தோணுதோ? ரெண்டு வருஷமா சுகி நெஞ்சு விசிலத் தவிர இந்தக் காது வேற என்னத்தக் கேட்டுச்சு...

29.11

இன்று சமாதானமாகக் கேட்டேன். கழற்ற வேண்டாம், ஒரே ஒரு சொட்டு ஆயில் விட்டு, சந்து இருந்தால் அடைக்கிறதா என்று பார்க்கலாமா?

சுகியின் காய்ச்சல் மருந்து டிராப்பரில் இன்ஜின் ஆயிலை எடுத்து, இன்ஜின் ஓடும்போதே, கார்புரேட்டர் உட்காரும் விளிம்பில் விட்டேன். சொட்டை உள்ளே உறிஞ்சிக்கொண்டது! விசில் நின்றது. உறுமல் சில விநாடி சீரானது. பிறகு பழையபடி ஏற்றம், இறக்கம்.

இவர் இன்ஜினை அணைத்தார். ஸ்பேனரை எடுத்தார். மஞ்சள் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கழற்றினார்.

"நான் போட்ட மார்க்க நானே ஒடைக்கது இதான் மொதத் தடவ."

முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. சட்டியில் உப்பு கூடிவிட்டதென்று நானே ஒத்துக்கொள்ள எனக்கு அரை நாள் ஆகும். இந்த மனுஷனுக்கு அரை நிமிஷம்.

30.11

நடேசன் கார்புரேட்டரின் அடிப்பாகத்தைக் கண்ணாடித் துண்டு மேல் வைத்துக் காட்டினார். நடுவில் வெளிச்சம் தெரிகிறது. இறுக்கிய இறுக்கில் வளைந்திருக்கிறது, அந்த வழியாகத்தான் காற்று.

"இன்னா பா இது, ரயில் தண்டவாளத்துக்கா நட்டு போட்டே? இது அலுமினியம் பா. உங்க கம்பெனி முறுக்கெல்லாம் இதுகிட்ட காட்டாதே. யார் கண்டுபுடிச்சா?"

"வீட்டுல" என்றார் இவர், என்னைக் காட்டி. அப்படிச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"யம்மா, நாளைக்கு ஒரு அம்பாசடர் வருது. வந்து கொஞ்சம் காது குடுத்துட்டுப் போறியாமா?"

2.12, ஞாயிறு

நேற்று இரண்டு மணி நேரம், கண்ணாடி மேல் எமரி பேப்பரை விரித்து அந்த அடிப்பாகத்தைத் தேய்த்தார். பத்து தேய்ப்பு, தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது, மறுபடி பத்து. சமமாகும்வரை விடவில்லை. இன்று சந்தை அடைக்கிற புது பேக்கிங் அட்டை வைத்து, இந்த நட்டில் கொஞ்சம், எதிர் நட்டில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி, விரல் பலத்தில் இறுக்கினார். மஞ்சள் பேனாவை எடுத்தார், யோசித்தார், பையிலேயே வைத்துவிட்டார்.

கடைசித் திருகாணிக்கு என்னைக் கூப்பிட்டார். "நான் திருப்புதேன். நீ கேட்டுச் சொல்லு."

கண்ணை மூடிக் கேட்டேன். கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... "போதும்."

12.12, புதன்

நேற்று எழுதவில்லை.

மாலை நாலு மணிக்கு சுகிக்கு விலா உள்ளே இழுக்க ஆரம்பித்தது. இவர் லைனில். சோக்கை இழுத்தேன், ஒரே தடவையில் கிளம்பியது. பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கார செல்லம்மாள் அக்கா. செம்பரம்பாக்கம் தாண்டியதும் ஏதோ கன்டெய்னர் லாரி குறுக்கே நின்று, கால் மணி நேரம் எந்த வண்டியும் நகரவில்லை. ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாமா, நின்னுடுமா?" என்றார் அக்கா.

"நிக்காதுக்கா. நீங்க குழந்தையப் பாருங்க." நானா சொன்னேன்?

ஆறு மணிக்குள் மருந்து ஆவி முடிந்து மூச்சு அடங்கியது. நானே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

இன்று காலை பல் விளக்கிக்கொண்டே வாசலில் நின்ற இவர் கேட்டார்: "வண்டி என்ன தெக்க பாத்து நிக்கு?"

"பூந்தமல்லி போயிட்டு வந்தோம்."

பிரஷ் வாயிலேயே நின்றது. உள்ளே ஓடிப் போய் சுகியைத் தூக்கினார், நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார்.

"ராத்திரி நான் வந்தப்பவே சொல்லப்பிடாதா?"

"நீங்க வந்ததே எனக்குத் தெரியாதுங்க."

"நாலு தடவ கூப்பிட்டேன். இவதான் முழிச்சிப் பாத்துச் சிரிச்சா. சின்னச் சத்தத்துக்கே எந்திரிக்கவ, நீ அசையவே இல்லயேட்டி."