ராசம்மாள் நிமிர்ந்து பார்க்க வேண்டும்

ஆவணி 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஏற்காட்டு மலை தெரியவில்லை. சினிமா ஸ்டூடியோவில் புதுப் பாட்டு ஒத்திகை. தாளம் காட்டும் குச்சியோடு நடுவில் நான். சுற்றிப் பதினொரு வாத்தியக்காரர்கள். முதல் ஃபிடில் ராசம்மாள். மாமன் மகள், என் மனைவி.

குழல் நின்றதும் பாடுகிறவர் மூச்சு வாங்குவதற்காகக் கையை உயர்த்திப் பிடிப்பேன். கை இறங்கும்போது அவள் தனியாக எடுக்க வேண்டும். மூன்று முறையும் முந்திவிட்டாள். குனிந்த தலை குனிந்தபடியே வாசிப்பு.

தபலாக்காரர்: "அக்கா உங்களப் பாக்கவே மாட்டீங்கறாங்களே! ஊட்டுல சண்டைங்களா?" எல்லாரும் சிரிப்பு. நானுந்தான்.

முதலாளி சிரிக்கவில்லை. வியாழன் ஒலிப்பதிவு. அன்றும் பிசகினால் மதராஸிலிருந்து வேறு ஃபிடில்காரராம்.

குடையை அங்கேயே மறந்துவிட்டேன்.

5, செவ்வாய்

ராசம்மாளிடம் கேட்டேவிட்டேன்.

"அத்தன ஆம்பளைங்க முன்னால உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா? நல்லாருக்குதுங்க!"

இரண்டு பக்கமும் நாலு தலைமுறையாகச் சங்கீதம். ஆனாலும் தாலி கட்டிய அன்று இவள் பார்த்தது என் கால் கட்டைவிரலைத்தான்.

என் பயம் வேறு. எங்கள் குழந்தை போனபின் இரண்டு வருஷம் அவள் வில்லைத் தொடவில்லை. இந்த ஆடியில்தான் ஃபிடில் பெட்டியைத் திறந்தாள். இப்போது வேண்டாமென்று அனுப்பிவிட்டால் அப்புறம் திறக்கவே மாட்டாள். அவளிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

6, புதன்

வெயில். வாங்க வேண்டியது: ஃபிடில் தந்தி, சீயக்காய், மூக்குப்பொடி.

சமையலறையில் கரண்டியால் தாளம் காட்டினேன். கரண்டியை மட்டும் பார்த்தாள். ரசம் பொங்கி வழிந்தது.

"ஏனுங்க, அடுப்பப் பாக்கட்டுமா, உங்களப் பாக்கட்டுமா?"

மிச்ச ரசத்தை இருவரும் சாப்பிட்டோம்.

7, வியாழன்

பாட்டும் வாத்தியமும் ஒன்றாகவே பதிவு. ஒருவர் பிசகினாலும் ஒலி பதியும் ஃபிலிம் வீண். கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி.

குழல் நின்றது. கையை உயர்த்தினேன்.

நிமிர்ந்தாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள். பிறந்த குழந்தையை என் கையில் கொடுத்த அன்றைக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கையை இறக்க மறந்துவிட்டேன். வில்லைத் தூக்கியபடி அவள் காத்திருக்கிறாள். மற்றப் பத்துப் பேரும் காத்திருக்கிறார்கள். ஃபிலிம் ஓடுகிறது.

முதலாளி வெளியே வந்தார். "இன்னைக்குப் பிசகுனது யாரு?"

"நானுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் ராசம்மாள், தலை குனியாமல், அவரிடம்: "மறுக்கா எடுக்கலாமுங்க. இந்தத் தடவ ரண்டு பேருமே செரியா இருப்போம்."

இருந்தோம்.