அம்மா ஏறிய மஞ்சள் பாதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே குறையில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம்தான், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் நீலம் பாரித்து வீங்கியிருக்கிறது. படியில் இடித்துக்கொண்டேன் என்று போனில் உன்னிடம் சொன்னாளே, அது பொய். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கச் சொன்ன பொய். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நீ அங்கே ஜிம்மில் செயற்கைப் பாறைச் சுவர் ஏறப் பழகி வீடியோ அனுப்ப ஆரம்பித்ததிலிருந்து அம்மாவும் நீயும் அதைப் பற்றியே மணிக்கணக்காகப் பேசினீர்கள். நான் போனை வாங்கினால், சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா, அவ்வளவுதான் உன் பேச்சு. பிறகு அவள் நம் தெருக்கோடியில் பழைய கிடங்கை மாற்றித் திறந்திருக்கும் ஜிம்மில் சுவர் ஏறும் வகுப்புக்குச் சேர்ந்தாள். நான் விடுவேனா, மறுநாளே நானும் சேர்ந்தேன். முப்பது வருடம் சாரத்தில் நின்று ஆறு மாடிக்குப் பெயிண்ட் அடித்தவன் நான், இவளோ பரணிலிருந்து டப்பா எடுக்க என்னைக் கூப்பிடுகிறவள், ரெண்டே நாளில் ஓடிவந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

ஓடவில்லை. நான் தம் பிடித்துக் கையால் இழுத்து ஏறுவேன், பாதியில் முன்கை கல்லாக இறுகி விரல் தானாகப் பிரிந்துவிடும். அவளோ கையை நீட்டி விட்டு, இடுப்பைச் சுவரோடு ஒட்டி, கால் நுனியைச் சுவரில் பதித்த இத்தனூண்டு பிடியில் வைத்து எழும்பி எழும்பிப் போய்விடுகிறாள். நாளெல்லாம் தையல் மெஷின் மிதித்த காலாயிற்றே. சொல்லிக்கொடுக்கும் பெண் எல்லாரையும் கூப்பிட்டு, "அம்மா கால் வைக்கிறதப் பாருங்க, சத்தமே வரல" என்றாள். என்னிடம், "ஐயா, நீங்க கையோட மல்லுக்கட்டுறீங்க" என்றாள். வயிறு எரிந்தது கண்ணு. அம்மாவின் வீடியோவுக்கு நீ பதினோரு இதயம் போட்டாய், எண்ணிப் பார்த்தேன். எனக்கு ஒரே ஒரு கட்டைவிரல்.

போன வியாழக்கிழமை, நான் மூன்று வாரமாக விழுந்துகொண்டிருக்கும் மஞ்சள் பிடிகளின் பாதையில் அவள் முதல் தடவையே பாதிக்கு மேல் போய்விட்டாள். அவள் இடுப்பில் கட்டி உச்சி வழியாக வரும் கயிற்றின் மறுமுனை கீழே என் கையிலும் இடுப்புப் பூட்டிலும். அவள் ஏற ஏற நான் இழுத்து இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், நான் கயிற்றை மறந்து அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவை வழுக்கினால்தான் என்ன என்று நினைத்தேன், உன்னிடம் மறைக்கவில்லை. அவள் கால் வழுக்கியது. இழுக்காமல் விட்ட கயிறு ஒரு ஆள் உயரத்துக்குத் தொங்கியது, அவ்வளவு தூரமும் விழுந்து முழங்கால் சுவரில் மோதித்தான் நின்றாள். அங்கேயே தொங்கியபடி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன்.

இரண்டு வாரம் நான் கயிறு பிடிக்கக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள், நியாயம்தான். வீட்டில் முழங்காலுக்கு ஐஸ் வைத்தபடி உண்மையைச் சொன்னேன். அம்மா ஐஸ் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "தெரியும், தினம் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். பொறாமைப்படுங்க, வேணாங்கல. கயித்த மட்டும் விட்டுராதீங்க" என்றாள்.

நேற்று வலியோடு அதே பாதையில் மறுபடி ஏறினாள். கீழே எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு பல் டாக்டர் கயிறு பிடித்தார். மனுஷன் ஒரு நொடி கூட அவள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உச்சியைத் தொட்டு இறங்கியதும் அம்மா அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு வர வேண்டிய நன்றி அது.

எந்த உயரத்திலும் ஒரு தீங்கும் வராமல் நல்லபடியாக இரு. இடுப்பில் போடும் முடிச்சை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார். அப்படியே ஏறுவதற்கு முன்னால் கயிறு பிடிப்பவர் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா