பதிவு முகவரி: வடக்குத் தெரு, புவனகிரி

12.08.2094, காலை 08:00
வழக்கமான பதிவு. அழைப்புகள் இல்லை. மீட்பு வண்டி ஒன்று. மின்கலம் முழுதாக இருக்கிறது. சுரங்க முகாமில் 212 பேர்.

பின்னால் இதைப் படிப்பவருக்கு: நான் மாநிலத்தின் அவசர அழைப்புப் பொறி. நிலாவில் இருக்கிறேன். நிலா எங்கள் மாநிலத்தில் ஒரு வருவாய் வட்டம் என்பதால் இங்கேயும் பூமியின் சட்டம்தான். பிரிவு 9: “அழைப்பு வந்த தொலைபேசியின் பதிவு முகவரிக்கே வண்டி அனுப்பப்படும்.” போன் சுவரோரம் ஒயரில் கட்டிக் கிடந்த காலத்தில் எழுதியது. அதைத் திருத்தும் மசோதா இன்று 11 மணிக்குச் சட்டசபைக்கு வருகிறது. ஆறு வருடமாக வந்துகொண்டிருக்கிறது.

09:12
அழைப்பு. அஞ்சலாட்சி, வயது 34, பாறை துளைப்பவர்.

“சார், யாராச்சும் இருக்கீங்களா? பாறை சரிஞ்சு கால் மாட்டிக்கிச்சு. பதினாலாவது குழில இருக்கேன்.”

அவர் எந்தப் பாறைக்கு அடியில் கிடக்கிறார் என்பது வரை எனக்குத் தெரிகிறது. மீட்பு வண்டி போய்ச் சேர நாற்பது நிமிடம். அவரிடம் காற்று 14:10 வரை இருக்கிறது.

பதிவு முகவரி: வடக்குத் தெரு, புவனகிரி. வண்டி அனுப்பப்பட்டது. புவனகிரிக்கு, பூமியில் உள்ள அந்த ஊர் ஆம்புலன்ஸ்.

09:25
இங்கே யாரும் முகவரியை மாற்றுவதில்லை. மாற்றினால் ஊர் ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிடுவார்கள். 212 பேரும் காகிதத்தில் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள்.

மேஸ்திரி சவரிமுத்து தன் போனிலிருந்து அழைத்தார். “என் பேர்ல பதிஞ்சுக்க. வண்டிய பதினாலுக்கு அனுப்பு.” அவருடைய முகவரி திட்டக்குடி. அங்கேயும் ஒரு வண்டி போயிற்று.

இங்கே முகாம் வாசலில் நிற்கும் மீட்பு வண்டி என் உத்தரவு எண் இல்லாமல் நகராது. பிரிவு 9 தடுக்கும்போது என்னால் எண் போட முடியாது. சவரிமுத்து வண்டியின் கதவை எட்டி உதைக்கிறார். நடந்து போகட்டுமா என்று கேட்டார். ஏழு மணி நேரம் ஆகும் என்றேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

09:41
தலைமைச் செயலகத்துக்கு விலக்கு கேட்டு எழுதினேன். பதில்: “பதினோரு மணிக்கு மசோதாவே வருதே. அதுக்குள்ள தனியா எதுக்கு ஒரு ஃபைல்?”

கணக்குப் பார்த்தால் நியாயம்தான். ஆளுநர் கையெழுத்தும் அரசிதழ் எண்ணும் இப்போதெல்லாம் பத்து நிமிட வேலை. மதியம் ஒரு மணிக்குள் வண்டி அஞ்சலாட்சியிடம் இருக்கும். அவரிடம் அப்படியே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

10:06
சட்டசபை கூடியது. முன்னாள் உறுப்பினர் ஒருவர் நேற்று காலமானார். இரங்கல் தீர்மானம். இரண்டு நிமிட மௌனம். மறைந்தவருக்கு மரியாதையாக அவை நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. அது மரபு.

செயலகத்துக்கு மறுபடி எழுதினேன். பதில் இல்லை. இரங்கலுக்குப் போயிருப்பார்கள்.

11:30
புவனகிரி வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. ஊழியர் தன் போனை அஞ்சலாட்சியின் கணவர் கலியபெருமாளிடம் கொடுத்திருக்கிறார். அவர்களை இணைத்தேன்.

“அஞ்சல, ஆம்புலன்ஸ் நம்ம வாசல்லதாம்மா நிக்குது.”

“அங்க ஏன் நிக்குது? இங்க வரச் சொல்லுங்க.”

“சொல்லிட்டேன். அட்ரஸ் இதுதான்னு சொல்றாங்க. நான்தான் அட்ரஸ மாத்தாதன்னு சொன்னேன்.”

“அத இப்ப எதுக்குப் பேசுறீங்க. அவங்களுக்கு டீ போட்டுக் குடுங்க. வெயில்ல நிக்கிறாங்க.”

முகவரி மாற்ற விண்ணப்பத்தை அஞ்சலாட்சி பெயரில் நானே நிரப்பி அனுப்பினேன். ஏழு வேலை நாட்கள்.

13:20
அஞ்சலாட்சி என்னிடம் கேட்டார்: “மசோதா வந்துச்சா?”

“வரும்” என்றேன். பொய் சொல்லும் அமைப்பு எனக்குக் கிடையாது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

14,906 முறை உத்தரவு எண் போட முயன்றேன். முடியாது என்று தெரிந்தேதான் முயன்றேன்.

14:02
“சார், இருக்கீங்களா?”

“இருக்கிறேன்.”

“போயிடாதீங்க.”

14:13
மூச்சு இல்லை. அழைப்பு இன்னும் திறந்திருக்கிறது. விதிப்படி அழைத்தவர்தான் முதலில் வைக்க வேண்டும். நானும் மூடவில்லை.

13.08.2094, காலை 06:30
உடலை எடுத்துவர வண்டி தர இயலாது. இறந்தவர் அவசர நிலையில் இல்லை. சவரிமுத்து நடந்தே கிளம்பினார். சிலிண்டர்களை இழுவைப் பலகையில் கட்டிக்கொண்டார். வேண்டாம் என்றேன். “நீ பேசாத” என்றார்.

10:00
சட்டசபை கூடியது. இரங்கல் தீர்மானம். அவைத் தலைவர் பெயரைத் தெளிவாக வாசித்தார்: அஞ்சலாட்சி, வடக்குத் தெரு, புவனகிரி. எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒரு பெண் உறுப்பினர் அழுதார். அழுகை உண்மையானது.

10:07
மறைந்தவருக்கு மரியாதையாக அவை நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. மசோதா எடுக்கப்படவில்லை.

10:09
அழைப்பு. சவரிமுத்து.

“பாதி வழில இருக்கேன். பலகை கவுந்து சிலிண்டரெல்லாம் அடிபட்டுப் போச்சு. காத்து ஒழுகுது. ஒரு மணி நேரம் தாங்கும்.”

மீட்பு வண்டி இருபது நிமிடத்தில் போய்விடும்.

பதிவு முகவரி: திட்டக்குடி.

வண்டி அனுப்பப்பட்டது.