வாய் பொத்திய கை

குண்டூர் நாடு,
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை.

என் சின்னான் அருளுக்கு, அக்கா எழுதுவது.

உன் போன் பெட்டிக்குள் அணைந்து கிடக்கிறது. நீ திருப்பூரில் வேலைக்கு இருந்தபோது எழுதின மாதிரி எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள் எழுத்து, பிழை இருக்கும்.

மிளகு பறிப்பு முடிந்துவிட்டது. நீ விட்டுப்போன நாலு மரத்தையும் பக்கத்துத் தோட்டத்துக் குப்புசாமி பறித்துக் கொடுத்தார்.

பறிக்கிறபோது மரத்துக்கு மரம் குரல் கொடுப்போம். மேலே இருப்பவர் பதில் கொடுக்காவிட்டால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். உன்னை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. "அருளு பேசமாட்டாப்ல, விடுங்க" என்று பழகிப்போச்சு. தை மாதம் அன்றைக்கும் நீ இறங்கி, ஏணியை ஒழுங்காகச் சாய்த்துவைத்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்தாய். களைப்பாறுகிறாய் என்று நினைத்தோம். நானே மூட்டையோடு உன்னைத் தாண்டித்தான் போனேன். செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம், உயிர் இல்லை. டாக்டர், காலையிலிருந்தே நெஞ்சு வலித்திருக்கும், யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அம்மா செத்த பிறகு அப்பா குடித்துவிட்டு விறகுக்கட்டையோடு வருவார். உனக்கு ஐந்து வயது, எனக்குப் பத்து. உன்னை இழுத்துக்கொண்டு குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் படுத்துக்கொள்வேன். நீ விம்மினால் வாயைப் பொத்துவேன். ஒருநாள் உன்னைத் தேள் கொட்டியும் கையை எடுக்கவில்லை. "சத்தம் வந்தா செத்தோம் சாமி" என்றேன். அதற்கப்புறம் பொத்துகிற வேலையே எனக்கு வரவில்லை. கெட்டிக்காரன் என்று சந்தோஷப்பட்டேன்.

பெரியவனாகியும், ஒரு பாத்திரம் விழுந்தால் எழுந்து வெளியே போய் நிற்பாய். உன் பெண்டாட்டி சண்டைக்கு வந்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். "செவுத்தோட குடும்பம் நடத்தறனுங்க அண்ணி" என்பாள் மணிமேகலை. பொறுமைக்காரன் என்று உனக்காகப் பேசினேன்.

போன மாதம் உன் மகள் ஜெயசுதா காலில் கஞ்சி கொட்டிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சத்தமே இல்லை. செம்மேட்டில் மருந்து போட்டுக் கூட்டிவந்து, புண் ஆறின பிறகு, நேற்று அதே குச்சிக்கிழங்குக் காட்டுக்கு அழைத்துப் போய்க் கத்தச் சொன்னேன். "எதுக்குங்க அத்தை? அப்பா கத்தவே மாட்டாருங்களே" என்றாள்.

நானே கத்தினேன், தொண்டை கிழிய. குப்புசாமி அரிவாளோடு ஓடிவந்து, "ஏனுங்க, பாம்புங்களா?" என்றார். இல்லீங்க, சும்மா கத்திப் பார்க்கிறோம் என்றேன். "இந்த வயசுல இது வேறயா" என்று திட்டிக்கொண்டே போனார். பிள்ளை சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். என் கை தானாக அவள் வாய்க்குப் போனது, சின்னான். கையை இழுத்து முந்தானையில் சுருட்டிக்கொண்டேன். அப்பா வேணும், அப்பா வேணும் என்று காடே கேட்கக் கத்தினாள். நான் அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் நன்றாக இருப்பாள். அவளை நினைத்து நீ கவலைப்படாதே.

அன்றைக்கு மரத்து மேலே வலி வந்தபோது, கூப்பிட வாயைத் திறந்தாயா கண்ணு, இல்லை என் கை அப்போதும் அங்கேயே இருந்ததா?

உன் அக்கா,
ஆயம்மாள்