கிணறு இல்லாத வீடுகள்

என் அன்புக்குரிய குணம் அண்ணை,

நீங்கள் கண்மூடி எட்டு மாதம். பாரிஸில், நம்மவர் கடைகள் இருக்கும் லா சப்பலில் வெயில் வந்துவிட்டது. மாம்பழப் பெட்டிகளை நடைபாதை வரைக்கும் இறக்கி வைத்திருக்கிறார்கள், உங்களுக்குப் பிடித்த கறுத்தக்கொழும்பானும் இருக்கிறது. இதையெல்லாம் சந்தோஷமாகச் சொல்லத்தான் நினைத்தேன். முடியவில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம், அண்ணை.

உங்கள் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. எங்கள் ஊரின் நிலம், வரலாறு, சனத்தொகை என்று மூன்று பகுதி. பகலில் உணவகத்தில் கோப்பை கழுவி, மிச்ச நேரத்தில் நீங்கள் எழுதிய புத்தகம். போன ஞாயிறு உங்கள் மகள் ஆரணி தேநீர்க்கடையில் வைத்து என் கையில் தந்தாள். ஊர் வரைபடத்தை விரித்து, "மாமா, உங்கட வீடு இதிலை எங்கை?" என்று கேட்டாள்.

விரலைத் தெற்கே கொண்டுபோனேன். கோயில், பள்ளிக்கூடம், குளம், உங்கள் வளவு. அதற்கும் தெற்கே கடற்கரை வரைக்கும் 'பனங்கூடல்' என்று ஒரே சொல், வெறும் பனந்தோப்பாம். எங்கள் வீடுகள் வரிசையாக நின்ற ஒழுங்கை இல்லை. என் அப்பாவின் வீடு இல்லை. சனத்தொகைப் பக்கத்தைப் புரட்டினேன், அங்கேயும் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை.

"அப்பா கிணறுகளை வைச்செல்லோ வீடு எண்ணினவர்," என்றாள் பிள்ளை. "முன்னுரையிலை போட்டிருக்கிறார். கிணறு இல்லாத இடத்திலை ஆக்கள் இருக்கேலாதாம்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீங்கள் எங்கை தண்ணி அள்ளினனீங்கள், மாமா?" என்றாள்.

நாங்கள் எங்கே அள்ளினோம், அண்ணை? உங்கள் கிணற்றடியில் குடத்தோடு நின்றோம். கயிற்றைத் தொட விடமாட்டீர்கள். உங்கள் வீட்டில் யாராவது வந்து அள்ளி வார்க்கும்வரை நிற்கத்தான் வேண்டும். சில நாள் வார்த்தது நீங்கள்தான்.

பாரிசுக்கு வந்தபிறகு மார்க்ஸ் டோர்மோயில் ஒரே அறையில் ஏழு வருடம் படுத்தோம். நான் குடித்த கோப்பையை வாங்கி நீங்களும் குடித்தீர்கள். அதை எவ்வளவு நம்பியிருந்தேன்! இந்தப் புத்தகத்துக்காக ஒழுங்கையின் ஒவ்வொரு வீட்டையும் பெயர் பெயராகச் சொன்னது நான்தானே? "விடாமல் சொல்லு தம்பி, ஒருத்தரும் தவறக்கூடாது," என்றீர்கள். கொப்பியில் எழுதவும் எழுதினீர்கள்.

அந்தக் கொப்பி எங்கே? ஊர்ச் சங்கத்து ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்று பயந்தீர்களா? அல்லது என் கோப்பையில் குடித்தபோதும் நான் உங்களுக்கு வெறும் பனங்கூடல்தானா? பதில் சொல்ல ஆளில்லாத நேரமாகப் பார்த்து என்னை இப்படிக் கேட்க வைத்துவிட்டீர்கள்.

ஆரணி கேட்டதும் அன்று படத்தை மடித்துவிட்டு இன்னொரு தேநீர் சொன்னேன். உங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற பிள்ளை. ஆனால் வெளியீட்டு விழாவில் புத்தகத்தைப் பற்றிப் பேசப்போவது அவள்தான். தெரியாமல் பேசக்கூடாது.

வருகிற ஞாயிறு திரான்சிக்கு, என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் சொல்வேன், அண்ணை. ஒழுங்கையையும் வீடுகளையும் உங்கள் மகளின் கையாலேயே அந்த வரைபடத்தில் கீறிச் சேர்க்க வைப்பேன். இடையில் அவளுக்குத் தண்ணீர் விடாய்த்தால் குழாயை அவளே திறக்கட்டும். என் வீட்டில் யாரும் நின்று காத்திருக்கத் தேவையில்லை.

பனங்கூடலிலிருந்து,
நீங்கள் வாய் நிறையக் கூப்பிட்ட
தம்பி